108 இ.எம்.டி வேலை: கடலூர், புதுச்சேரி பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்தில் 108 ஆம்புலன்ஸில் இ.எம்.டியாக, அதாவது எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியனாக, வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் சில நாள் என்னோடு வண்டியில் வருவதும் உண்டு. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, சிதம்பரம், பாகூர் என்று எங்கிருந்தாவது யாராவது நம்பர் வாங்கிப் பேசுகிறார்கள், பெரும்பாலும் இதே கேள்விகள்தான். எல்லாவற்றுக்கும் பதிலை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். தமிழ்நாட்டு 108 எனக்குப் பழகியது, அதனால் ஆள் எடுப்பது, ஷிஃப்ட் பற்றிச் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக்குப் பொருந்தும். புதுச்சேரிக்குத் தனி 108, தனி ஏற்பாடு.

இ.எம்.டி என்பவர் யார்? டிரைவரா, நர்ஸா?

இரண்டும் இல்லை. வண்டியில் இரண்டு பேர் இருப்போம். ஓட்டுகிறவரைப் பைலட் என்று கூப்பிடுவோம். பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து வருகிறவர் இ.எம்.டி, அறிவிப்புகளில் மருத்துவ உதவியாளர் என்று போட்டிருப்பார்கள். தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. இத்தனை வருஷம் ஆகியும் பலருக்கு 108 என்றால் சைரன் போட்டு வேகமாக ஏற்றிக்கொண்டு போகிற வண்டி, அவ்வளவுதான். அந்த வண்டிக்குள் சிகிச்சை நடக்கிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்து வருகிற சொந்தக்காரருக்கே பாதி வழியில்தான் புரிகிறது. மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, சர்க்கரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, தேவையானதைச் செய்து, மாறுவதைக் கவனித்து, எல்லாவற்றையும் எழுதி, கேஷுவாலிட்டியில் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைப்பது வரை இ.எம்.டியின் வேலை. வேகம் பைலட் கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பது கவனிப்பு.

என்ன படித்திருக்க வேண்டும்?

ஆள் எடுக்கும் முகாம் அறிவிப்புகளில் வழக்கமாக வருவது: பி.எஸ்சி நர்சிங், ஜி.என்.எம், ஏ.என்.எம் போன்ற நர்சிங் படிப்பு, பிளஸ் டூ முடித்து டி.எம்.எல்.டி என்கிற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் போன்ற உயிரியல் பாடத்தில் பி.எஸ்சி. வயது பெரும்பாலும் 19 முதல் 30 வரை கேட்பார்கள். பைலட்டுக்குப் பத்தாம் வகுப்பு, வயது 24 முதல் 35, உயரம் 162.5 செ.மீ, லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம், பேட்ஜ் எடுத்து ஒரு வருஷம் என்று இருக்கும். ஒவ்வொரு முகாமுக்கும் கொஞ்சம் மாறலாம், அந்தந்த அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துத் தேர்வு, அப்புறம் உடற்கூறியல், முதலுதவி பற்றி நேரடியாகக் கேள்வி, அப்புறம் ஹெச்.ஆர் நேர்காணல். இதயத்தில் எத்தனை அறை, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, வலிப்பு வந்தால் என்ன செய்வாய், இந்த ரகம்தான். விலங்கியல் படித்தவர்கள் "நாங்க ஊசியே பிடிச்சதில்லையே" என்று தயங்க வேண்டாம். நல்ல இ.எம்.டிகள் பலர் அப்படி வந்தவர்கள்தான். இன்னொன்று, வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இது அரசு வேலையா?

இல்லை. வண்டியும் பணமும் அரசுடையது, சேவையை நடத்துவது ஒப்பந்தம் எடுத்த நிறுவனம். நாம் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள். வீட்டில் பெண் பார்க்கப் போகிற இடத்தில் "கவர்ன்மெண்ட் வேலைதானே" என்று கேட்பார்கள், உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது.

பயிற்சியில் என்ன சொல்லித் தருவார்கள்?

ஏறத்தாழ 50 நாள். வகுப்பு, ஆஸ்பத்திரி, வண்டி மூன்றும் கலந்தது. மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது, வாயில் அடைப்பதை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன், கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் அம்பு பேக், ஆக்சிஜன், கழுத்துக்குக் காலர், முதுகுக்கு ஸ்பைன் போர்டு, எலும்பு முறிவுக்கு ஸ்ப்ளின்ட், பிரசவம், பச்சைக் குழந்தை, தீக்காயம், விஷம், பாம்புக்கடி என்று போகும். சி.பி.ஆர், அதாவது நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுப்பது, உடம்பில் ஊறும் வரை செய்யவைப்பார்கள். பெரியவர்களுக்கு நெஞ்சு 5 முதல் 6 செ.மீ அமுங்க வேண்டும், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. படிக்கும்போது சுலபம். தரையில் முட்டி போட்டு இரண்டு நிமிஷம் நிறுத்தாமல் செய்துபாருங்கள், தோளும் இடுப்பும் பதில் சொல்லும்.

பயிற்சியில் எல்லோரும் அலட்சியமாக விடுவது எழுதுவதை. நோயாளியின் நிலையைக் குறிக்கிற படிவம் ஒன்று உண்டு. எத்தனை மணிக்கு என்ன பார்த்தோம், என்ன கொடுத்தோம், அதற்குப் பிறகு என்ன ஆனது எல்லாம் அதில் வர வேண்டும். புதியவர்கள் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்ட பிறகு நினைவிலிருந்து நிரப்புவார்கள். அதை முதல் நாளிலேயே விட்டுவிடுங்கள். கையுறையின் மேலேயே பேனாவால் நேரத்தையும் பி.பியையும் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் படிவத்தில் ஏற்றலாம். பிரஷர் 110இலிருந்து 90க்கு இறங்கியதா, 90இலேயே இருந்ததா என்பதில் டாக்டரின் முடிவு மாறும்.

கால் வந்ததிலிருந்து என்னதான் நடக்கும்?

108க்கு அடிக்கிற கால் சென்னையில் இருக்கிற கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அவர்கள் விவரம் வாங்கி, பக்கத்தில் நிற்கிற வண்டிக்குத் தருவார்கள். கூப்பிட்டவரின் நம்பர் நமக்கு வந்ததும் நாமே பேச வேண்டும், வண்டி கிளம்பிய பிறகு. அந்த ஒரு போன்காலில் பாதி வேலை முடிந்துவிடும். ஆள் பேசுகிறாரா, மூச்சு இருக்கிறதா, ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, போய்ச் சேருகிற வரை என்ன செய்யச் சொல்ல வேண்டுமோ சொல்ல வேண்டும். "துணிய மடிச்சு காயத்து மேல வெச்சு அழுத்திப் பிடிங்கண்ணே, எடுத்து எடுத்துப் பாக்காதீங்க" என்று சொன்னதால் பிழைத்தவர்கள் உண்டு.

ஸ்பாட்டில் இறங்கியதும் முதலில் நம் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். கரண்ட் கம்பி அறுந்து கிடக்கிறதா, டீசல் ஒழுகுகிறதா, பின்னால் வருகிற வண்டிக்கு நாம் நிற்பது தெரிகிறதா. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு லோடு டிராக்டர்கள் பின்விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாமல் ராத்திரியில் நிற்கும், பைக்கில் வருகிறவர் நேராகப் போய் மோதுவார். அந்த இடத்தில் நாம் குனிந்து வேலை பார்க்கும்போது இன்னொரு பைக் அதே மாதிரி வரும். பைலட் அண்ணன் வண்டியைக் கொஞ்சம் சாய்த்து மறைப்பாக நிறுத்தி லைட்டைப் போட்டுவிடுவார். நல்ல பைலட் கிடைத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் அவசரப்படுத்தும். "தூக்குய்யா, தூக்கிப் போட்டு எடுத்துட்டுப் போய்யா" என்று கத்துவார்கள். காலர் போடாமல், போர்டில் கட்டாமல் தூக்கினால் கழுத்தெலும்பில் அடி இருக்கிறவருக்கு வாழ்நாள் முழுக்கக் கை கால் வராமல் போகலாம். ஒரு நிமிஷம் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. கூட்டத்தில் அதிகமாகக் கத்துகிறவரையே கூப்பிட்டு "அண்ணே, இந்தத் தலைய ரெண்டு பக்கமும் ஆடாமப் பிடிங்க" என்று வேலை கொடுத்துவிடுங்கள். கத்தல் நின்றுவிடும், தலையும் ஆடாது.

சந்தேகம் வந்தால் நாம் தனியாக இல்லை. கட்டுப்பாட்டு அறையில் டாக்டர் இருப்பார், போனில் நிலைமையைச் சொல்லி என்ன மருந்து, எவ்வளவு என்று கேட்டுச் செய்ய வேண்டும். நீங்கள் பார்த்ததைச் சரியாகச் சொன்னால்தான் அவர் சரியாகச் சொல்ல முடியும்.

எல்லைப் பகுதியில் எந்த 108 வரும்?

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும். கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 25 கி.மீ. அதற்குள் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, முள்ளோடை தாண்டினால் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் எல்லாம் புதுச்சேரி. உள்ளே பாகூர் பக்கம் போனால் ஒரு வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு மாநிலம், இந்தப் பக்கம் ஒன்று. செல்போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த ஊர்க் கட்டுப்பாட்டு அறைக்குக் கால் போக வாய்ப்பு உண்டு.

அதனால் கூப்பிடுகிறவர் முதல் வாக்கியத்திலேயே "கடலூர் மாவட்டம், ரெட்டிச்சாவடி" என்றோ "புதுச்சேரி, பாகூர் கொம்யூன்" என்றோ சொல்லிவிட வேண்டும். "மெயின் ரோட்டுல, டாஸ்மாக் பக்கத்துல" என்பதெல்லாம் இரண்டாவது. இ.எம்.டியாகச் சேர்ந்தால் உங்கள் வண்டி நிற்கிற இடத்தைச் சுற்றியுள்ள குறுக்குப் பாதை, கல்வெர்ட், மழைக்குத் தண்ணீர் நிற்கிற இடம் எல்லாம் டியூட்டி இல்லாத நாளில் ஒரு தடவை பைக்கில் சுற்றிப் பார்த்துவிடுங்கள். கூகுள் மேப் காட்டுகிற சந்தில் வண்டி நுழையாது.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று யார் முடிவு செய்வார்கள்?

பக்கத்தில் இருக்கிற, அந்த நோய்க்குத் தகுந்த ஆஸ்பத்திரி, இதுதான் அடிப்படை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கம், புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி.

நம் பக்கத்துப் பிரச்சினை என்னவென்றால், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஜிப்மர் வேண்டும். அந்த நம்பிக்கையில் தப்பில்லை, அது சம்பாதித்த பெயர். ஆனால் மூச்சு தவிக்கிறவரைக் கடலூர் ஜி.ஹெச்சைத் தாண்டி இன்னும் 25 கி.மீ ஓட்டிக்கொண்டு போவது சில நேரம் ஆளையே காவு வாங்கிவிடும். முதலில் பக்கத்தில் நிலைப்படுத்தி, அங்கிருந்து மாற்றுவது வேறு வழி. இதைச் சண்டை போடாமல் சொல்லத் தெரிய வேண்டும். "அம்மா, ஆக்சிஜன் இப்ப 82தான் இருக்கு, இங்க பாருங்க" என்று மெஷினையே காட்டிச் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். நம்பர் கண்ணுக்குத் தெரிந்தால் பேச்சு மாறும்.

மாரடைப்பு, பக்கவாதம் இரண்டிலும் கணக்கு வேறு. அங்கே சரியான இடத்துக்கு நேராகப் போவதுதான் நேரத்தை மிச்சம் பிடிக்கும், கட்டுப்பாட்டு அறை டாக்டரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதனால் "எப்ப விழுந்தார்" என்று மட்டும் கேட்காதீர்கள், "கடைசியா நல்லாப் பேசிட்டு இருந்தது எத்தன மணிக்கு, யார் பாத்தது" என்று கேட்டு, அந்த நேரத்தை எழுதி, பார்த்தவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். தேவனாம்பட்டினத்திலோ தாழங்குடாவிலோ கடலுக்குப் போய்விட்டு வந்து அசந்து தூங்கினவர் எழுந்திருக்கும்போது வாய் கோணியிருந்தால், எழுந்த நேரம் கணக்கில்லை, படுத்த நேரம்தான் கணக்கு.

எந்த மாதிரி கேஸ் அதிகம் வரும்?

பிரசவம், சாலை விபத்து, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, விஷம். இது எல்லா ஊரிலும் உள்ளது. நம் பக்கத்துக்கென்று சில உண்டு. பண்ருட்டி பக்கம் பலா மரத்திலிருந்து விழுந்தவர்கள், முந்திரித் தோப்பில் பாம்புக்கடி, முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுக் கை வெந்தவர்கள். சனி ஞாயிறுகளில் புதுச்சேரி போய்த் திரும்பும் பைக்குகள். வெள்ளிக் கடற்கரையில் அலையில் சிக்கினவர்கள். தைப்பூசத்துக்கு வடலூர், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் என்று கூட்டத்தில் வண்டியை நிறுத்தி வைத்துக் காத்திருப்பதும் வேலைதான்.

கடலில் மூழ்கி எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இன்னும் நடக்கிறது. அது நேரத்தை வீணாக்கும், வாந்தி மூச்சுக்குழாயில் போகும். மூழ்கினவருக்கு இல்லாமல் போனது காற்று, அதனால் முதலில் மூச்சு கொடுத்து, அப்புறம் நெஞ்சை அழுத்த வேண்டும்.

ரோட்டோரம் விழுந்து கிடக்கிறவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கால் வரும்போதே "குடிச்சிட்டுக் கிடக்கறான் சார்" என்றுதான் வரும். வியர்த்து, உளறி, தள்ளாடி, அடிக்க வருகிறவர் எல்லோரும் குடித்தவர் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போனவரும் இப்படித்தான் இருப்பார். சாராய வாடை வந்தாலும்கூட, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் பார்க்காமல் எந்த மயக்கக் கேஸையும் முடிவு கட்டாதீர்கள். சிலருக்குச் சர்க்கரை 40, 35 என்று தாழ்ந்து காட்டும். குளுக்கோஸ் ஏறினதும் எழுந்து உட்கார்ந்து "எங்க தம்பி இருக்கேன்" என்று கேட்பார்.

வண்டியிலேயே பிரசவம் பார்க்க வேண்டி வருமா?

வரும். விருத்தாசலம், வேப்பூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும்போது வழியிலேயே ஆகிவிடும். முதல் தடவை எல்லோருக்கும் கை நடுங்கும்.

வலி ஐந்து நிமிஷத்துக்கொரு தடவை வருகிறதா, இரண்டு நிமிஷத்துக்கா, இது எத்தனையாவது பிரசவம், தண்ணீர்க்குடம் உடைந்ததா என்று ஏற்றும்போதே கேட்டுவிட வேண்டும். "எனக்கு வெளிக்கிப் போகணும் போல இருக்கு" என்று அந்தப் பெண் சொன்னால் பாருங்கள், தலை இறங்கிவிட்டது என்று பெரும்பாலும் அர்த்தம். தலை தெரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்ல வேண்டும், ஓடுகிற வண்டியில் பிரசவம் பார்க்கக் கூடாது. கூட வந்த மாமியாரையோ அம்மாவையோ தலைமாட்டில் நிற்கவைத்து, பைலட்டை வெளியே நிற்கச் சொல்லி, கிட்டைப் பிரித்து வைக்க வேண்டும்.

தலை வரும்போது இழுக்கக் கூடாது. வேகமாகப் பாய்ந்து வராமல் உள்ளங்கையால் மெதுவாகத் தாங்க வேண்டும். தலை வந்ததும் கழுத்தைச் சுற்றித் தொப்புள்கொடி இருக்கிறதா என்று விரலால் பார்த்து, இருந்தால் தலைக்கு மேலாக நழுவ விட வேண்டும். குழந்தை வழுக்கும், துணியோடு பிடித்துக்கொள்ளுங்கள். உடனே நன்றாகத் துடைத்து, அழுதால் அம்மா நெஞ்சின் மேல் தோலோடு தோலாகப் போட்டு மூட வேண்டும். ஏசியை அணைத்துவிடுங்கள், இதைப் பலர் மறக்கிறார்கள், பச்சைக் குழந்தை சீக்கிரம் குளிர்ந்துவிடும். கொடித் துடிப்பு நின்ற பிறகு இரண்டு கிளாம்ப் போட்டு நடுவில் வெட்டுவது. ஒரு நிமிஷத்திலும் ஐந்து நிமிஷத்திலும் குழந்தையின் நிறம், அழுகை, துடிப்பு, அசைவு பார்த்து மதிப்பெண் எழுத வேண்டும்.

எல்லோரும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அந்த நேரத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது தாயை. பிரசவத்துக்குப் பின் வருகிற ரத்தப்போக்குதான் உயிரை எடுப்பது. நஞ்சுக்கொடி விழுந்துவிட்டால் பையில் போட்டு எடுத்து வையுங்கள், டாக்டர் முழுதாக வந்ததா என்று பார்ப்பார். அடிவயிற்றில் கர்ப்பப்பை கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, தளர்வாக இருந்தால் தேய்த்துக்கொண்டே போக வேண்டும், நாடியும் பிரஷரும் சில நிமிஷத்துக்கொரு தடவை.

பாம்புக்கடிக்கு என்ன செய்வீர்கள்?

வண்டியில் செய்வது குறைவு, செய்யக் கூடாததுதான் அதிகம். கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையை, காலை ஆடாமல் ஸ்ப்ளின்ட் வைத்து, நடக்கவிடாமல், மோதிரம் கொலுசு கழற்றி, நேராக விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி. போகிற வழியில் கடித்த நேரத்தை எழுதி, வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு அதன் பக்கத்திலும் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஏறுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

கட்டு விரியனைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். ராத்திரி தரையில் படுத்தவரைக் கடிக்கும், வலி இருக்காது, பல் தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டை அடைக்கிறது என்பார். கண் இமை தொங்குகிறதா என்று பாருங்கள். "மேல பாருங்க" என்று சொல்லி, இமை கூடவே ஏறவில்லையென்றால் அம்பு பேக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு போங்கள், மூச்சு எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டாம். அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபட்டு அதே வண்டியில் வருவது நடக்கிற விஷயம்.

பூச்சி மருந்து குடித்தவர்களுக்கும் இதையே சொல்வேன்: வாந்தி எடுக்கவைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு, டப்பாவை லேபிளோடு எடுத்து வாருங்கள். நாங்கள் கையுறை இல்லாமல் தொட மாட்டோம், அந்த மருந்து தோல் வழியாகவும் இறங்கும். அந்த நிலையில் இருக்கிறவரை "ஏன் இப்படிப் பண்ணின" என்று வண்டியில் யாரும் கேட்க விடாதீர்கள். நீங்களும் கேட்காதீர்கள். அப்படி ஒரு எண்ணம் யாருக்காவது இருந்தால் அரசின் உதவி எண் 104க்கு எந்த நேரமும் பேசலாம், அதுவும் இலவசம்.

பெண்கள் இந்த வேலையைப் பார்க்கலாமா?

பார்க்கிறார்கள், நன்றாகவே பார்க்கிறார்கள். பிரசவக் கேஸில் பெண் இ.எம்.டி வந்து இறங்கினதும் அந்த வீட்டின் முகம் தெளிவதை நான் பார்த்திருக்கிறேன். நைட் ஷிஃப்ட் உண்டு, வண்டி நிற்கிற எல்லா இடத்திலும் நல்ல கழிவறையும் பூட்டுகிற மாதிரி அறையும் கிடையாது. இதைத் தைரியம் என்று பேசி மூடக் கூடாது, வசதி செய்து தர வேண்டிய விஷயம். சேருவதற்கு முன் எந்த இடத்தில் போடுவார்கள், அங்கே என்ன வசதி என்று கேட்டுவிடுங்கள். கேட்பது உரிமை.

சம்பளம், ஷிஃப்ட்?

12 மணி நேர ஷிஃப்ட், பகலும் இரவும் மாறி மாறி. ஷிஃப்ட் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது கால் வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். அறிவிப்பில் போடுவது மொத்தச் சம்பளம், பி.எஃப் எல்லாம் போகக் கையில் வருவது எவ்வளவு என்று நேர்காணலிலேயே கேளுங்கள். செய்கிற வேலைக்கு இந்தச் சம்பளம் குறைவு என்பது என் கருத்து, இதை மறைத்து யாரையும் சேரச் சொல்ல மாட்டேன்.

உடம்பில் முதலில் போவது இடுப்பு. மூன்றாவது மாடியிலிருந்து ஆளை இறக்குவது தினம் நடக்கும். முட்டியை மடக்கித் தூக்கப் பழகுங்கள். கேஷுவாலிட்டியில் படுக்கை இல்லாமல் நம் ஸ்ட்ரெச்சரிலேயே நோயாளி காத்திருக்க, வண்டி வெளியே நிற்க, அடுத்த கால் வேறு எங்கிருந்தோ தூரத்து வண்டிக்குப் போகும். இதை எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை, பல இடத்தில் உள்ளதுதான், ஆனால் மாற வேண்டும்.

புயல் நேரத்தில்?

லீவு கிடையாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம் தலைமேல்தான் கரையேறியது, 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையேறி, அதன் பின்னால் தென்பெண்ணையில் வந்த தண்ணீர் எல்லாம் இந்த மாவட்டம் பார்த்தது. மரம் விழுந்த ரோட்டில் வண்டி போகாது, ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடப்போம். முன்னெச்சரிக்கை வந்ததும் ஆக்சிஜன் சிலிண்டர், டீசல், டார்ச், குடிதண்ணீர் நிரப்பிவிட வேண்டும். பிரசவ நாள் நெருங்கினவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்க்க கிராமச் செவிலியர்கள் பட்டியல் வைத்திருப்பார்கள், அவர்கள் நம்பர் உங்களிடம் இருக்கட்டும்.

சிப்காட் பக்கத்தில் ரசாயன வாடை என்று கால் வந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, காற்று வருகிற பக்கமாக நின்று, தீயணைப்புத் துறை சொன்ன பிறகுதான் நெருங்க வேண்டும்.

வண்டியில் உயிர் போய்விட்டால்?

இறந்துவிட்டார் என்று அறிவிக்கிற அதிகாரம் டாக்டருக்குத்தான். நாம் சி.பி.ஆர் செய்துகொண்டே போவோம். கூட வருகிறவர்கள் நம் முகத்தைத்தான் படிப்பார்கள். "என்னால முடிஞ்சத செஞ்சிட்டு இருக்கேன்மா, டாக்டர் பார்த்துச் சொல்லுவார்" என்பதற்கு மேல் பொய்யாக நம்பிக்கை கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் முடிந்த பிறகு உடலை வீட்டுக்குக் கொண்டுபோக அரசின் இலவச அமரர் ஊர்தி உண்டு, 155377. இந்த நம்பரைச் சொல்லிவிட்டு வாருங்கள், அந்த நேரத்தில் தனியார் வண்டிக்குக் கடன் வாங்குகிற குடும்பங்கள் இருக்கின்றன.

குழந்தை கேஸ் போனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பைலட்டோடு டீக்கடையில் நின்று பேசுங்கள், வீட்டில் சொல்லுங்கள். தூக்கம் வாரக்கணக்கில் வரவில்லையென்றால் டாக்டரைப் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விபத்தில் உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலையவைப்பார்களா?

மாட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் இதற்கான விதிகளை உறுதி செய்தது, 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவாகவும் வந்துவிட்டது. பெயர் சொல்லாமலே போகலாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்தென்றால், அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், குறிப்பிட்ட தொகை வரை இலவசம். இன்னுயிர் காப்போம் திட்டம், 2021 டிசம்பரில் வந்தது. பணம் கட்டுவது யார் என்று ரோட்டில் நின்று யோசிக்க வேண்டியதில்லை. ஆம்புலன்ஸுக்கு வழி விடாமல் போனால் 10,000 ரூபாய் அபராதம் என்பதும் அதே 2019 திருத்தத்தில் உள்ளது.

இதிலிருந்து மேலே போக வழி உண்டா?

உண்டு. பிளஸ் டூ முடித்தவர்கள் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பப் படிப்பைப் பார்க்கலாம். 2021இல் வந்த மத்திய அரசின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் நம் தொழிலும் இருக்கிறது, அதனால் முறையான பட்டம் இருப்பது வருங்காலத்துக்கு நல்லது. உள்ளேயே பயிற்சியாளராக, மேற்பார்வையாளராகப் போகிறவர்கள் உண்டு. சிலர் வளைகுடாவுக்குப் போகிறார்கள்.

முகாமுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இப்போதே என்ன கற்றுக்கொள்ளலாம்?

கையால் பி.பி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், பட்டன் மெஷினில் இல்லை, ஸ்டெதஸ்கோப் வைத்து. ஓடுகிற வண்டியில் மெஷின் தப்பாகக் காட்டும், அப்போது மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே பட்டையை ஊதி, காற்றை இறக்கும்போது நாடி திரும்ப வருகிற இடத்தைக் கணக்கெடுக்கத் தெரிய வேண்டும். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் தினம் பார்த்து, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். தாத்தாவுக்குக் காலையில் எவ்வளவு, மாத்திரை போட்ட பிறகு எவ்வளவு என்று. நேர்காணலுக்கு வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள்.